ஸ்டாண்டு போடாத சைக்கிள்

தேசப்பனின் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே பெண்கள் அடுப்பிலிருக்கும் உலையை இறக்கி வைத்துவிடுவார்கள். கடப்பாக்கத்தில் யார் செத்தாலும் வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சேதி கொண்டுபோகிறவன் அவன்தான். அவன் அப்பன் நடந்து போய்ச் சொன்னான், இவன் மிதித்துப் போய்ச் சொல்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாவு சொல்வதற்கு ஒரு முறை உண்டு. செத்துப்போய்விட்டார் என்று போட்டு உடைக்கக் கூடாது. "முடியல, உடனே பொறப்பட்டு வரச் சொன்னாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வருகிறவர்கள் பாதி வழியில் நெஞ்சடைத்து விழக் கூடாதே என்று சொல்கிற பொய் அது. கேட்கிறவர்களுக்கும் பொய் என்று தெரியும். இன்னொன்று, சாவு சொல்ல வந்தவன் அந்த வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக் கூடாது, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். தண்ணீர் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வண்டியை நிறுத்தினால் சாவும் அந்த வீட்டிலேயே தங்கிவிடும் என்று பேச்சு. தேசப்பன் இத்தனை வருஷத்தில் ஒரு வாசலிலும் ஸ்டாண்டு போட்டதில்லை.

அன்றைக்கு மட்டும் ஸ்டாண்டு போட்டு நிறுத்துவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினான். ஏனென்றால் செங்கம்மாள் இன்னும் சாகவில்லை.

செங்கம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. தேசப்பனின் அம்மா போன பிறகு தன் மகள் ரத்னாவுக்கு ஊற்றிய கஞ்சியில் பாதியை அவனுக்கு ஊற்றி வளர்த்தவள். அவன் கல்யாணத்தில் அம்மா ஸ்தானத்தில் நின்றதும் அவள்தான். வேர்க்கடலை பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப்போன கை. வாயும் அப்படியே, காய்த்துப்போன வாய். ரத்னா கொக்கிலமேட்டுக் குப்பத்து ராஜேந்திரனை, வலைக்காரனை, விரும்பிக் கட்டிக்கொண்டு போன அன்றைக்கு நடுத்தெருவில் நின்று அவள் சொன்னது ஊருக்கே தெரியும். "இனிமே என் சாவு சேதி கேட்டுதாண்டி நீ இந்தத் தெருவுல கால வைக்கணும்." ரத்னா மட்டும் என்ன லேசுப்பட்டவளா? அம்மாவுக்கேற்ற மகள். அன்றைக்குப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது செங்கம்மாளுக்கு வயிறு வீங்கி, கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அன்று விடியற்காலையில் அவள் தேசப்பனைக் கூப்பிட்டனுப்பி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள இட்டுக்கினு வா, தேசப்பா. கண்ணு தெரியச்சொல்ல ஒரு வாட்டி பாத்துடறேன்."

"தோ, போனேன்னு நெனச்சிக்க பெரியம்மா. வெளக்கு வைக்கறதுக்குள்ள உன் பக்கத்துல குந்தவெக்கறேன்" என்றான்.

செங்கம்மாளுக்குத் துணையிருந்த அவள் தங்கச்சி ஆதியம்மாள் வாசல்வரை வந்தாள். "தேசப்பா, உன்ன பாத்தவொடனே செத்துட்டாங்கன்னுதான் நெனப்பாங்க. போனதும் ஸ்டாண்டு போட்டுட்டு வூட்டுக்குள்ள போயி குந்து. தண்ணி கேட்டு வாங்கிக் குடி. அப்பதான் நம்புவாங்க." நல்ல யோசனை. அவனுக்கும் அதுவே தோன்றியிருந்தது.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்கலாம். பாலாறு கடலில் சேருகிற பக்கம் பாலம் ஏது அப்போது? பஸ் ஏறினால் மதுராந்தகம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று ஊரெல்லாம் சுற்றி, இறங்கி ஏறி, போகவே ஒரு பகல் ஆகிவிடும். சைக்கிள் என்றால் கடலோரமாகவே வடக்கே மிதித்து, ஆற்று மணலில் தள்ளிக்கொண்டு கடந்தால் மத்தியானத்துக்குள் கொக்கிலமேடு. ரத்னாவைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். கணக்கு சரிதான். சைக்கிள்தான் சரியில்லை.

இரண்டு இடத்தில் வெல்டிங் வைத்த பிரேம், ரிம்மில் கோட்டம், செயின் தொங்கல். அந்த வண்டி ஓடியதே அவன் கால் பலத்தில்தான். செய்யூர் ரோட்டைத் தொடுவதற்குள் பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறிவிட்டது. அவனுக்குப் பஞ்சர் புதிதா? பட்டை ரப்பர், உப்புத்தாள், சொல்யூஷன் எல்லாம் கேரியரில் கட்டிய தகரடப்பாவில் எப்போதும் இருக்கும். சாவுச் சேதிக்குப் போகும்போது பஞ்சரானால் நிழலில் உட்கார்ந்து பீடி ஒன்று பிடித்துவிட்டு நிதானமாக ஒட்டுவான். செத்தவர்களுக்கு அவசரம் கிடையாது. அன்றைக்கு நிழலும் தேடவில்லை, பீடியும் எடுக்கவில்லை. சொல்யூஷன் காய்வதற்குள் பட்டையை வைத்து அழுத்திவிட்டான். கூவத்தூர் தாண்டியதும் அது பிதுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடியும் டயரைக் கழற்றி, மறுபடியும் தேய்த்து, இந்தத் தடவை வாயால் ஊதி ஊதிக் காயவைத்தான். இத்தனை வருஷம் சாவு ஓட்டிய பயல் உயிருக்கு ஓட்டத் தெரியாமல் போனேனே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. கோடைக்காலத்துப் பாலாறு வெறும் மணல்தான், அதுவும் காலைப் பொரிக்கிற மணல். சக்கரம் பாதிக்குமேல் புதைந்தது. கொஞ்ச தூரம் தள்ளினான், கொஞ்ச தூரம் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். அக்கரை ஏறி உட்கார்ந்து மிதித்தால் பெடல் மட்டும் காற்றாடியாகச் சுற்றியது, சக்கரம் அசையவில்லை. பின்சக்கரத்துப் பிரீவீலுக்குள் மணல் போய்ப் பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வாயலூரில் ஒரு குடிசைக்காரியிடம் கெஞ்சி ஒரு மூடி மண்ணெண்ணெய் வாங்கினான். வண்டியைப் படுக்கப்போட்டு, பிரீவீலில் எண்ணெய் விட்டுக் கல்லால் தட்டித் தட்டி மணலைக் கழுவி எடுத்தான். அந்த வழியில் அவன் சாவு சொல்லப் போவதைப் பலமுறை பார்த்தவள் அவள், அவனையும் சைக்கிளையும் பார்த்தாள்.

"யாரு போய்ட்டாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் போவலம்மா. உசுரோட கீறாங்க."

"ஆமாமா" என்று பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த 'ஆமாமா' அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் நின்று யோசிக்க நேரம் ஏது?

வண்டி ஓடத் தொடங்கியது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. தூரத்தில் கல்பாக்கத்து அணு உலை வேலைக்குச் சிமெண்டு ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. இடது காலை அழுத்தும்போதெல்லாம் லொடக் லொடக்கென்று ஒரு சத்தம். பெடல் தண்டான கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தளர்ந்துவிட்டது என்று தெரிந்தது. இறங்கி முடுக்கியிருக்க வேண்டும். இறங்கினால் நேரம் போகுமே என்று மிதித்தான். மிதித்த மிதியில் நட்டும் பின்னும் எங்கேயோ கழன்று விழ, இடது பெடல் கிராங்கோடு தனியே வந்துவிட்டது.

வந்த வழியே நடந்து தேடினான். குனிந்து குனிந்து, புழுதியைக் காலால் கிளறிக் கிளறித் தேடினான். ஒரு விரல் நீளம்கூட இல்லாத இரும்பு, அது கிடைக்குமா? கிடைக்கவில்லை. கடை என்றால் சதுரங்கப்பட்டினத்துக்குத்தான் போக வேண்டும். நடுரோட்டில் நின்று அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பொண்டாட்டி பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். எத்தனையோ சாவு வீட்டில் கண் கலங்காதவன் சைக்கிளுக்காக அழுதான்.

பின்னுக்குப் பதில் அடிக்க ஒரு போல்ட் வேண்டும். வண்டியில் அந்தத் தடிமனில் இருந்தது இரண்டே இடத்தில்தான்: கேரியரில் ஒன்று, ஸ்டாண்டில் ஒன்று. கேரியரில் வைத்த கையை எடுத்துவிட்டான். கேரியர் ஆடினால் ரத்னா எதன்மேல் உட்காருவாள்? ஸ்டாண்டைக் கழற்றினான். போல்ட்டைக் கல்லில் தேய்த்து ஒரு பக்கம் தட்டையாக்கி, கிராங்கில் வைத்துப் பாறாங்கல்லால் அடித்து இறக்கினான். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஸ்டாண்டைத் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பனைமரத்தடியில் போட்டான். அந்த நேரத்தில் ஸ்டாண்டு எதற்கு என்பது அவன் புத்தியிலேயே இல்லை. ரத்னாவைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் இருந்தது.

கொக்கிலமேட்டுக் குப்பத்துக்குள் நுழையும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அந்தக் குப்பத்துக்கு அவன் புதியவன் இல்லை. கடப்பாக்கத்துக் கரையில் சொந்தம் உள்ளவர்கள் அங்கே நிறைய. ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஏதோ ஒரு சாவுக்கு வந்தவன்தான். ராஜேந்திரனின் அம்மா ஜெகதாம்பாள் வீட்டெதிரில் மணலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

தேசப்பன் இறங்கினான். காலைப் பின்னால் நீட்டி ஸ்டாண்டைத் தேடினான். வெறும் காற்றுதான் இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தபடி, வியர்த்து வழிந்து, வாய் காய்ந்து, அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தான். காலமெல்லாம் எப்படி நின்றானோ அப்படியே.

ஜெகதாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த முறம் நழுவியது. "ஐயோ, அண்ணி" என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். அவன் வாய் திறப்பதற்குள் ஒப்பாரி எழுந்துவிட்டது.

"இல்லக்கா, இல்ல. உசுரோட கீறாங்க. முடியல, அவ்ளோதான். ரத்னாவ பாக்கணும்னு சொன்னாங்க" என்றான். சொன்ன பிறகுதான், இத்தனை வருஷமாகச் சொன்னதும் இதே பேச்சுதானே என்று அவனுக்கே காதில் விழுந்தது.

சைக்கிளைத் தூக்கி மணலில் போட்டான். "இந்தா பாருங்க, வண்டியக் கீழ வுட்டுட்டேன். தண்ணி குடுங்க, குடிக்கறேன். சாவு சொல்ல வந்தவன் குடிப்பானா?" யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். மடமடவென்று குடித்தான், பாதி மார்பில் வழிந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கஞ்சி ஊத்தி வளத்தவ ஆச்சே. பாவம், முறைய கூட மறந்துட்டான்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

ரத்னா உள்ளேயிருந்து வந்தாள். அவள் அழவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கம்மா வாயாலயே என்னை கூப்ட்டாங்களா, அண்ணாத்த?"

"கூப்ட்டாங்க. கண்ணு தெரியச்சொல்ல பாத்துடறேன்னு சொன்னாங்க. என் புள்ள மேல சத்தியம். கெளம்பு ரத்னா, கேரியர்ல குந்து."

"அப்ப செத்துதான் போய்ட்டாங்க" என்றாள். "உசுரோட இருந்தா எங்கம்மா என்னை கூப்புட மாட்டாங்க. எங்க நைனா போனப்பவும் நீ இதே மாதிரிதான் சொன்ன. செய்யூராண்ட நடவு நட்டுக்கினு இருந்தேன். 'கஞ்சி குடிச்சாரு, உன்னதான் கேக்கறாரு'ன்னு சத்தியம் பண்ண. வந்து தொட்டா கட்டையா வெறச்சிக் கெடந்தாரு. விரல மடக்கி நெஞ்சு மேல வைக்கக்கூட முடியல என்னால."

தேசப்பனுக்கும் அது நினைவிருந்தது. உண்மைதான். அன்றைக்கும் பிள்ளைமேல்தான் சத்தியம் செய்தான். அது பாவம் இல்லை என்று ஊரே ஒத்துக்கொண்ட சத்தியம்.

அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். "வாடி, வந்து பாரு. பொய்யா இருந்தா என்னைச் செருப்பால அடி." ஜெகதாம்பாள் நடுவில் வந்து அவன் கையை மெதுவாக விலக்கினாள்.

"தேசப்பா, நான் சொல்றத கேளு. உசுரோட இருக்கச்சொல்ல நாங்க அந்த வூட்டு வாசப்படி மிதிக்கல. கடசி காரியத்துக்காவது முறையா போவணும். கட்டன பொடவையோட இவள அனுப்பிச்சா உங்க ஜனம் இன்னா சொல்லும்? வலைக்காரன் வூட்டுக்குப் போனவ கெதிய பாருன்னு சொல்லும். ராஜேந்திரன் கரை ஏறட்டும். செங்கல்பட்டு போயி கோடி எடுத்து, மாலை வாங்கிக்கினு, வேன் வெச்சிக்கினு எல்லாரும் வர்றோம். நீ முன்னால போயி, நாங்க வர்ற வரைக்கும் எடுக்க வாணாம்னு சொல்லிடு."

அவர்களில் ஒருத்தியும் கெட்டவள் இல்லை. அதுதான் கொடுமை. ஜெகதாம்பாள் ஏசியிருந்தால் அவனும் ஏசியிருப்பான். மரியாதையாகச் செய்ய வேண்டும் என்று நிற்பவளிடம் என்ன சண்டை போடுவது? இன்னும் எவ்வளவோ சொன்னான். கும்பிட்டான். கும்பிடக் கும்பிட அவர்கள் அழுகைதான் அதிகமானது. ரத்னா தலைமயிரை அவிழ்த்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

காலிக் கேரியரோடு திரும்பினான். ஆற்றங்கரைக்கு வருவதற்குள் ஒட்டுப் போட்ட டியூப் வெடித்துக் கிழிந்துவிட்டது. ஒட்டுகிற கிழிசல் இல்லை. பக்கத்துக் களத்தில் வைக்கோல் வாரி, முறுக்கி, டயருக்குள் திணித்து ரிம்மில் ஏற்றினான். வைக்கோல் டயர் கல்லுக்குக் கல் குதித்தது, பிட்டம் புண்ணாகிவிட்டது. போல்ட் மட்டும் அசையவே இல்லை. பாழாய்ப்போன அந்த ஒன்றுதான் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது.

விளக்கு வைத்து நெடுநேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தான். செங்கம்மாள் கண்ணைத் திறந்து அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"எங்க அவ?"

"பின்னாலயே வந்துகினு கீறா பெரியம்மா. வேன்ல வர்றா. மாமியா, புருசன் எல்லாரும் வர்றாங்க."

"வேன்லயா?" என்றாள். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. "எனுக்கு எதுக்குடா வேனு? நீயே ஏத்திக்கினு வந்திருக்கலாமே."

"சைக்கிளு பேஜார் பண்ணிடுச்சி" என்றான்.

ரோட்டில் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு திருப்பத் தெம்பில்லாமல், முகத்தை வாசல் பக்கமே வைத்துக்கொண்டாள். அந்த ராத்திரி முழுக்க மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழ்வானம் வெளுத்து, காக்காய் கத்தத் தொடங்கியபோது அந்த மூச்சு நின்றது.

ஆதியம்மாள் அக்காவின் கண்ணை மூடிவிட்டாள். தாடையைத் துணியால் கட்டினாள். தேசப்பன் அவள் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னான்.

"நேத்து காலைலயே போயிடுச்சின்னு சொல்லிடலாம், சின்னம்மா. நான் பொறப்படறதுக்கு முன்னாலயே."

"ராவெல்லாம் வாசல பாத்துக்கினே கெடந்தாடா. அத மறைக்கச் சொல்றியா?"

"சொன்னா ரத்னா தாங்க மாட்டா."

ஆதியம்மாள் தாடைக்கட்டை இன்னொரு முறை இறுக்கினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரித் துணைக்கு இருந்த நாலு பெண்களும் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

வெயில் ஏறுவதற்கு முன்பே வேன் வந்துவிட்டது. பெரிய ரோஜா மாலை, தாம்பாளத்தில் கோடிப் புடவை, வெற்றிலை பாக்கு, ஊதுவத்தி, ஒன்று குறையில்லை. ராஜேந்திரன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்தபடி இறங்கினான். தெருவே நின்று பார்த்தது. ஜெகதாம்பாள் நினைத்த மாதிரியே நடந்தது.

தேசப்பன் மற்ற ஊர்களுக்குச் சேதி சொல்லக் கிளம்பி, வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெகதாம்பாள் அவனிடம் வந்தாள்.

"எப்ப போச்சி உசுரு?"

"நேத்து காலைல. நான் பொறப்படறதுக்கு முன்னாலயே."

"நெனச்சேன்" என்றாள் அவள். ராஜேந்திரன் தலையாட்டினான். ரத்னாவும் கேட்டுத் தலையாட்டினாள். நேற்றுப் பிள்ளைமேல் சத்தியம் செய்தும் நம்பாதவர்கள் இன்று ஒரே பேச்சில் நம்பினார்கள்.

ரத்னா உள்ளே போனாள். அம்மாவின் கால்மாட்டில் விழுந்து அழுதாள். இத்தனை வருஷத்துப் பிடிவாதத்தையும் சேர்த்து அழுதாள், கேட்கவே முடியவில்லை. பிறகு மாலையைப் போட்டு, கோடியைப் போர்த்தி, பக்கத்தில் தொங்கிய கையை எடுத்து நெஞ்சுமேல் வைக்கப் போனாள்.

அழுகை நின்றுவிட்டது.

தேசப்பன் வாசலிலிருந்தே பார்த்தான். அவள் அம்மாவின் விரல்களை மடக்கினாள். விரித்தாள். மறுபடி மடக்கினாள். அந்தக் காய்த்த விரல்கள் அவள் உள்ளங்கைக்குள் மெத்தென்று மடங்கிக்கொண்டன. ஆதியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ரத்னா அந்தக் கையை விடாமலே திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"அண்ணாத்த," என்றாள், "விரலு மடங்குது."

தேசப்பன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே நின்றான். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்போல இருந்தது. ஸ்டாண்டு இல்லாத அந்த வண்டியை எங்கே விடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.